திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டாக்டர்களுக்கு, கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

வணக்கம். ஃபோனிலும் வீடியோவிலும் ஆட்களைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்களே, அது கடைசியில் வந்து சேரும் கவுன்ட்டர்களில் என்னுடையதும் ஒன்று. கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் பக்கம் இருபத்திரண்டு வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். டி.பார்ம். படித்தவள். லைசென்ஸில் இருக்கும் பெயரும் கவுன்ட்டரில் நிற்கும் ஆளும் ஒன்றுதான். இதையெல்லாம் சொல்லிக்கொள்ள வேண்டிய காலமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

சீட்டின் தலையில் ஆங்கில 'ஆர்' எழுத்தின் காலில் ஒரு கோடு கிழித்த குறி போடுகிறீர்கள். இப்போது உங்களுக்காகக் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. அது 'ரெசிப்பே' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம், 'எடு' என்று அர்த்தம் என்று டிப்ளமோ முதல் வருடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எடுக்கச் சொல்வது நோயாளியிடம் இல்லை. இன்னின்ன மருந்தை இவ்வளவு எடுத்துக் கலந்து கொடு என்று மருந்து கொடுக்கிறவருக்கு டாக்டர் சொல்வது. அப்படிப் பார்த்தால் நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு சீட்டும் எனக்கு வந்த கடிதம். இத்தனை நாள் பதில் போடாமல் இருந்தேன், ஏனென்றால் எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியவில்லை. அந்த விலாசம்தான் இந்த மடலின் விஷயமே.

போன ஆனி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். சோனாங்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர், மீன் விற்கிறவர், தலைச்சுமை தூக்கித் தூக்கி முட்டி போய்விட்டது. மகன் சிங்கப்பூரில் வேலை. அம்மா வலியால் தூங்கவில்லை என்று தெரிந்ததும் அவரே அங்கிருந்து ஒரு ஆப்பில் பணம் கட்டி ராத்திரியே டாக்டரைப் பிடித்துவிட்டார். டாக்டர் இங்கிலீஷில் கேட்க, மகன் சிங்கப்பூரிலிருந்து தமிழில் சொல்ல, அம்மா சோனாங்குப்பத்திலிருந்து பதில் சொல்ல, மகன் திரும்ப இங்கிலீஷில் சொல்ல, எல்லாம் மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. காலையில் அம்மா பேரனின் ஃபோனை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். எடோரிகாக்ஸிப் 90 என்ற வலி மாத்திரை, பத்து நாளைக்கு. கூடவே ஒரு வயிற்று மாத்திரை, ஒரு வைட்டமின்.

"வேற எதாவது மாத்திரை போடுறீங்களாம்மா?" என்றேன். இல்லை என்றார். எனக்கு அவரை முன்பே தெரியும் என்பதால் விடவில்லை. "பிரஷருக்கு?" என்றேன். "அது மருந்தா? அது கவர்மென்ட்ல வூட்டுக்கே வந்து குடுக்கிறதாச்சே" என்றார்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் பல பேருக்குப் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம். ஆனால் காசு கொடுக்காமல், டாக்டர் வீட்டுக்குப் போகாமல் கிடைப்பது இவர்கள் கணக்கில் மருந்தாகவே சேர்வதில்லை. ரேஷன் அரிசி மாதிரி அது ஒரு தனிக் கணக்கு. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அம்மா பிரஷர் மாத்திரை போடுவதே தெரியாது. டாக்டர் கேட்டிருப்பார், மகன் 'நோ' சொல்லியிருப்பார். யாரும் பொய் சொல்லவில்லை.

கடையில் இருக்கும் மெஷினில் பார்த்தேன். 170க்கு 100. ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவருக்கு எடோரிகாக்ஸிப் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற வயதானவருக்கு இந்த வகை வலி மாத்திரையைப் பத்து நாள் கொடுத்தால் கிட்னி என்ன ஆகும் என்பதையும் நீங்கள்தான் படித்தவர்கள். உங்களுக்கு அந்த 170 தெரிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டீர்கள். அதைத் தெரியப்படுத்தத்தான் ஃபோனை எடுத்தேன்.

பி.டி.எஃப்.பில் ஒரு நம்பர் இருந்தது. அடித்தேன். பாட்டு. இந்திக்கு ஒன்றை அழுத்தவும், இங்கிலீஷுக்கு இரண்டை அழுத்தவும். அழுத்தினேன். மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண் எடுத்து என் ஆர்டர் நம்பரைக் கேட்டார். நான் ஆர்டர் செய்யவில்லை, மருந்துக்கடையிலிருந்து பேசுகிறேன், சீட்டில் இருக்கும் டாக்டரோடு பேச வேண்டும் என்றேன். டாக்டர் லைனுக்கு வர வேண்டுமென்றால் புது அப்பாயின்ட்மென்ட் போட்டுப் பணம் கட்ட வேண்டும் என்றார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுத்த பேப்பரில் இருப்பதைத்தான் படிப்பார். புகாராகப் பதிவு செய்கிறேன், 48 மணி நேரத்தில் பதில் வரும் என்றார். அந்த அம்மா காலி அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். 48 மணி நேரம் எங்கே போவது?

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, அன்றைக்கே மஞ்சக்குப்பம் ஜி.ஹெச்.சுக்குப் போகச் சொல்லி ஆட்டோ ஏற்றிவிட்டேன். மகன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, "டாக்டர் எழுதினத நீங்க எப்படிக் குடுக்காம இருக்கலாம்?" என்று சத்தம் போட்டார். நியாயமான கேள்வி. மூன்றாம் நாள் ஆப் கம்பெனியிலிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள்?

இதைப் படித்துவிட்டு, "கடைக்கார அம்மாவுக்கு வியாபாரம் போகிறது, அதான் ஆன்லைன் என்றாலே எரிகிறது" என்று நினைப்பீர்கள். ஓரளவு உண்மைதான். மாதா மாதம் என்னிடம் வாங்கிக்கொண்டிருந்த சில குடும்பங்கள் தள்ளுபடிக்காக ஆப்பில் மருந்து வாங்கப் போய்விட்டார்கள். ஆன்லைன் மருந்து விற்பனைக்கென்று மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டது 2018 ஆகஸ்டில். எங்கள் தமிழ்நாட்டு மருந்து வணிகர் சங்கம் வழக்குப் போட்டு, அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை சொன்னது. அடுத்த மாதமே அங்கே இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. அந்தச் சண்டை தனி. அதை இங்கே இழுக்கவில்லை. மருந்தை யார் விற்றாலும் நான் கேட்கப்போவது ஒன்றுதான்.

எனக்கு ஆன்லைன் டாக்டர் மேல் கோபமும் இல்லை. இங்கிருந்து கோரிமேடு ஜிப்மருக்குப் போகிறவர்கள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். டோக்கன், வரிசை, திரும்பி வர சாயங்காலம். கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போச்சு, கூடத் துணைக்குப் போனவருக்கும் போச்சு. ஏற்கெனவே பார்த்த டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, "இதே மாத்திரையைத் தொடரலாமா?" என்று கேட்பதற்காக அந்த ஒரு நாளை இழப்பது அநியாயம். ஃபோனில் முடித்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் உண்டு. ஊர் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சில பெண் பிள்ளைகள் கடையில் கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றுவிட்டு, வாயைத் திறக்காமல் ஃபோனை மட்டும் என் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள். சீட்டில் க்ளோட்ரிமசோல் இருக்கும், அந்தரங்க இடத்துப் பூஞ்சைத் தொற்றுக்குப் போடுவது. பக்கத்துத் தெரு டாக்டரிடம், அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்ல முடியாததை முகம் தெரியாத உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். சரி, இப்போது சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் கடைசியில் கரையைக் கடந்தது, அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. ஆற்றங்கரைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம். அங்கே ஒரு ரிட்டயர்டு வாத்தியார், வருடக்கணக்காக இன்சுலின் போடுகிறவர். கரண்ட் போய் இரண்டு நாள், இருந்த ஊசி மருந்தும் தீர்ந்துவிட்டது. அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் புதுச்சேரியில். வீடியோவில் பேசி, கையால் எழுதிய சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார் அந்த டாக்டர். அதோடு நிற்காமல் என் நம்பரைக் கேட்டு வாங்கி எனக்கே கூப்பிட்டார். "இவர் சாப்பாடு ஒழுங்கா இல்லாம இருப்பார், அதனால காலை டோஸைக் குறைச்சிருக்கேன். பழைய சீட்டைப் பார்த்துப் பழைய அளவு சொல்லிடாதீங்க" என்றார். என் ஃப்ரிட்ஜும் அணைந்துதான் கிடந்தது. மீன் ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கி, இன்சுலினைப் பேப்பரில் சுற்றி ஐஸ் மேல் படாமல் வைத்திருந்தேன். உறைந்துபோனால் இன்சுலின் வீண். அதைத் தண்ணீர் நிற்கும் இடம் வரை பைக்கில் அனுப்பினேன், அங்கிருந்து டிராக்டரில் போய்ச் சேர்ந்தது.

அந்த ஒரு நிமிட ஃபோன். அவருக்கும் எனக்கும் முன்பின் பழக்கமில்லை. சீட்டில் அவர் பெயர், பதிவு எண், கிளினிக் விலாசம், கைப்பேசி எண் எல்லாம் இருந்தன. நானும் எதாவது சந்தேகம் என்றால் கூப்பிட்டிருக்கலாம்.

இது ஒன்றும் பெரிய மனது பண்ணிச் செய்கிற காரியம் இல்லை, விதியிலேயே இருக்கிறது. 2020 மார்ச் 25ஆம் தேதி, ஊரடங்கு ஆரம்பித்த அதே நாளில் வெளிவந்த டெலிமெடிசின் (ஃபோனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பது) வழிகாட்டுதல்களை நான் உட்கார்ந்து படித்தேன். சீட்டில் உங்கள் பதிவு எண் இருக்க வேண்டும். ஆப் நடத்துகிறவர்கள் தங்களிடம் இருக்கும் ஒவ்வொரு டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண்ணோடு தொடர்பு கொள்ளும் விவரத்தையும் தர வேண்டும். தொடர்பு விவரம் என்றால் உங்களைத் தொடர்பு கொள்ளும் விவரம். கால் சென்டரை அல்ல. மருந்து எழுதுவதை மெஷினிடம் விடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. எந்தக் கடையில் வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம் என்றும் இருக்கிறது, ஆனால் எனக்கு வரும் பி.டி.எஃப்.களில் மருந்துப் பெயரை விடப் பெரிதாக 'இங்கே வாங்கவும்' என்ற பொத்தான் இருக்கிறது.

அந்தப் பொத்தானோடு சேர்ந்து வருவது பிராண்டு பெயர். கடலூரில் எந்த ஸ்டாக்கிஸ்டிடமும் இல்லாத பிராண்டு. அதே மருந்து என் அலமாரியில் வேறு நான்கு கம்பெனி பெயரில் இருக்கும். ஆனால் ஷெட்யூல் ஹெச் மருந்தை, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தை, எழுதியது ஒன்றாகவும் கொடுப்பது வேறாகவும் மாற்ற எனக்கு மருந்து விதிகளில் அனுமதி இல்லை. உங்களைக் கேட்டால் ஒரு வார்த்தையில் "குடுங்கம்மா" என்பீர்கள். கேட்க வழியில்லை. பிராண்டுக்குப் பக்கத்தில் மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இப்போது முத்திரை விஷயம். இது உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்காது, கவுன்ட்டருக்குள் நின்றால்தான் தெரியும். காகிதச் சீட்டுக்கு மருந்து கொடுத்ததும் கடை முத்திரையைக் குத்தித் தேதி போடுவோம். கொடுத்த கடை, கொடுத்த நாள் இரண்டையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்பது 1945 மருந்து விதிகளிலிருந்தே இருக்கிறது. டாக்டர் திரும்பக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. அந்த முத்திரையைப் பார்த்தால் அடுத்த கடைக்காரர் உஷாராகிவிடுவார். ஃபோன் திரையில் எங்கே குத்துவது? ஒரு பி.டி.எஃப். முதுநகரில் காட்டினாலும் புதுசு, திருப்பாதிரிப்புலியூரில் காட்டினாலும் புதுசு, பண்ருட்டியில் காட்டினாலும் புதுசு.

ஒரு நாள் இருபது வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் வந்தான். முதுகுவலியாம். சீட்டில் டிரமடால், போதைக்குப் பழக்கிவிடக்கூடிய வலி மாத்திரை, முப்பது. 2018இல் டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதை டெலிமெடிசினில் எழுதவே கூடாது. பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். உண்மையான டாக்டர், வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர். அதில் தப்பில்லை, இந்தியாவில் எங்கிருந்தும் எங்கே இருப்பவரையும் ஃபோனில் பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டு. அவர்தான் எழுதினாரா, பையன் ஃபோனில் திருத்திக்கொண்டானா, பழைய சீட்டில் தேதியை மட்டும் மாற்றினானா? சீட்டில் இருந்த நம்பரை அடித்தேன், வழக்கம்போல் பாட்டுதான் கேட்டது. கொடுக்க மாட்டேன் என்றேன். "பரவால்லக்கா, வேற கடை பாத்துக்கறேன்" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்புதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த டாக்டரின் பெயரில் அப்படி ஒரு சீட்டு சுற்றுவது அவருக்கே தெரியுமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரியப்படுத்தவும் முடியவில்லை.

ஹெச்1 ரிஜிஸ்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச்சிலிருந்து சில ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை, டி.பி. மருந்துகளுக்கெல்லாம் தனி நோட்டு. அதில் நோயாளி பெயர், மருந்து, அளவு, அதோடு எழுதிக் கொடுத்த டாக்டரின் பெயரும் விலாசமும். மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சளி என்றதும் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதி அனுப்புகிறீர்கள் (தேவையா என்று கேட்க எனக்கு வாய் துடிக்கிறது, இன்றைக்கு வேண்டாம்). விலாசக் கட்டத்தில் நான் என்ன எழுத? ஆப்பின் பெயரையா? டிரக் இன்ஸ்பெக்டர் ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்த டாக்டர் எங்கே உட்கார்ந்திருக்கார்?" என்று கேட்டார். "ஃபோனுக்குள்ள சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் கை சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. சீட்டே இல்லாமல் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மூன்று மாத்திரை கொடுக்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. பார்மசிஸ்ட் சர்டிஃபிகேட்டை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு ஆள் வேறு வேலை பார்க்கும் கடைகளும் இருக்கின்றன. முன்பெல்லாம் தெரிந்தவர்கள் கேட்டால் நானும் மறுக்காமல் கொடுத்திருக்கிறேன். ஒரு பையனுக்குப் படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நானாகவே கொடுத்து, அது இடுப்பிலிருந்து தொடை வரை பரவி, அவன் அம்மா வந்து சட்டையைத் தூக்கிக் காட்டிய நாளிலிருந்து விட்டுவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், ஒருவரே முடிவு செய்தால் தப்பு நடக்கும், இரண்டு கண் வேண்டும். உங்களுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃபோன் லைன் வேண்டும்.

உங்கள் சொந்த நம்பரைக் கேட்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நோயாளிகள் கூப்பிட்டால் உங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று தெரியும், என் நம்பரும் இந்த ஊருக்கே தெரியும். மருந்துக்கடைகளுக்கென்று தனியாக ஒரு நம்பர். அதை எடுக்கிறவர் ஆர்டர் நம்பர் கேட்காமல் உங்களுக்கு லைன் கொடுக்க வேண்டும், நீங்கள் அடுத்த நோயாளிக்குப் போயிருந்தால் பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட வேண்டும். இதைக் கம்பெனியிடம் நான் கேட்டால் நட்சத்திரம் போடச் சொல்வார்கள். நீங்கள் கேட்டால் செய்வார்கள். நீங்கள் இல்லாமல் அவர்களுக்குக் கடை இல்லை.

பி.டி.எஃப்.பில் ஒரு க்யூஆர் கட்டம் இருந்து, அதை நான் ஸ்கேன் செய்து 'கொடுத்தாயிற்று' என்று அழுத்தினால், அடுத்த கடையில் அது செல்லாததாகக் காட்டும்படியும் செய்யலாம். பெட்டிக்கடையில் கூட இன்றைக்கு க்யூஆரில்தான் காசு வாங்குகிறார்கள். முப்பது டிரமடாலுக்கு அதைச் செய்ய முடியாதா?

கடைசியாக ஒன்று, இது உங்களிடம் மட்டும். "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றுதான் வரும். வீட்டில் பிளாஸ்டிக் டப்பாவிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்து வந்து ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். சோனாங்குப்பத்து அம்மா வீட்டில் அந்த டப்பா, டி.வி.க்குப் பக்கத்திலேயே இருந்தது என்று பேரன் பிறகு சொன்னான்.

அவர் இப்போது ஜி.ஹெச்.சில் மாற்றிக் கொடுத்த பிரஷர் மாத்திரையில் இருக்கிறார். முட்டி வலி இருக்கத்தான் செய்கிறது. கூடையைத் தலையில் தூக்குவதை விட்டுவிட்டுத் தள்ளுவண்டிக்கு மாறியிருக்கிறார். அடுத்த வாரம் மகன் மறுபடியும் ஆன்லைனில் ஒரு டாக்டரைப் பிடிக்கப்போகிறாராம். இந்தத் தடவை நானும் கூட இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார், அதனால் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துதான் பேசுவார். அந்த டாக்டர் உங்களில் யாராகவும் இருக்கலாம். மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பிரஷரும் பார்த்து வைக்கிறேன். கடை ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும், ஃபோனை நானேதான் எடுப்பேன்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகர் மருந்துக்கடைக்காரி